காலில் நிற்காத மருந்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லப்போகும் விஷயத்தில் பாதித் தவறு என் ஆராய்ச்சியால் வந்தது, மீதிப் பாதி என் வாயால் வந்தது.

மலாக்காவில் ஒரு கல்லூரியின் மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வீடு புக்கிட் காத்திலில். பல வருடமாக ஒரே பொருளோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அந்தப் பொருளின் பெயர் ஹைட்ரோஜெல். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, வலை பின்னியதுபோல நீளமான மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கும். நாங்கள் செய்வது இனிப்புநீர்க்காரர்களின், அதாவது நீரிழிவு நோயாளிகளின், ஆறாத புண்ணுக்குப் போடுகிற ஜெல். அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. குளிரில் தண்ணீர்போல ஓடும். உடம்புச் சூடு பட்டதும் கெட்டியாகிப் புண்ணின் மேடுபள்ளத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பிறகு சும்மா இருக்கும். கிருமி சேர்ந்து புண்ணில் காரத்தன்மை கூடினால் மட்டும் வலை தளர்ந்து, உள்ளே இருக்கும் மருந்தை அதிகமாக விடும். கிருமி அடங்கினால் அதுவும் அடங்கிவிடும். எப்போது வேண்டுமோ அப்போது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. எங்கள் வேலையை ஒரு வரியில் இப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை என் அண்ணிக்கு விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அகார்-அகார் மாதிரியா?" என்பதுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணி மூன்று நிறத்தில் அகார்-அகார் என்கிற கடல்பாசி இனிப்பைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, வைரம் வைரமாக வெட்டி வைப்பார்.

"அது சூட்டுல கரையும், ஐஸ் பெட்டியில வெச்சா கெட்டியாகும். இது தலைகீழ், அண்ணி."

"தலைகீழா? அப்ப இதை எப்படித் துண்டு போடுவ?" என்று அண்ணி உண்மையான கவலையோடு கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்த ஜெல்லில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் 'அறை வெப்பநிலை' என்று எழுதுவார்கள். குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அது இருபது டிகிரி. எங்கள் அறையோ மதியத்தில் முப்பத்திரண்டு டிகிரி கொதிக்கும். அவர்கள் சொன்ன அளவில் செய்த ஜெல், புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக் கையுறை மாட்டுவதற்குள் கெட்டியாகிவிடும். ஆகவே நம் ஊருக்கென்று அளவை மாற்றினேன். கலவையைக் கொஞ்சம் நீர்க்க வைத்து, முப்பத்து மூன்று டிகிரிக்கு மேலேதான் அது கெட்டிப்படும் என்கிற இடத்துக்குக் கொண்டு வந்தேன். அதற்கே இரண்டு வருடம் போயிற்று. மலாக்கா வெயிலுக்கு ஏற்ற ஜெல் என்று எங்கள் ஆய்வுத் தலைவி ஒரு கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார். மனித உடம்பு முப்பத்தேழு, கட்டுப் போட்டு மூடிய தோல் முப்பத்து நாலாவது இருக்கும், எனவே இது போதும். அப்படித்தான் நினைத்தேன்.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்றவர் அவர்தான். பாயா ரும்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் அவரும் அண்ணியும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்காக சிங்கப்பூர் போய்விட்டார்கள். அண்ணன் பத்தொன்பது வயதிலிருந்து லோரி ஓட்டினார். கடைசியாக ஓட்டியது செம்பனை எண்ணெய் டேங்கர். இனிப்புநீர் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மாத்திரையை விடாமல் சாப்பிடுவார், கூடவே சர்க்கரைப் பால் தேநீரான தே தாரிக்கையும் விடாமல் குடிப்பார். கேட்டால், "ரெண்டும் உள்ளே பேசித் தீர்த்துக்கும்லா" என்பார்.

புண் வந்தது கோயில் திருவிழாவில். நடுமதியம். சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் எல்லாரும் சுற்றி வந்தார்கள். சூடு தாங்காமல் மற்றவர்கள் குதிகாலில் எம்பி எம்பி ஓட, அண்ணன் மட்டும் கைகூப்பியபடி நிதானமாக மூன்று சுற்று நடந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், "பக்தின்னா இதுதான்லா" என்று என்னிடம் மெச்சிச் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கும் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை அண்ணி தரையில் ஈரத்தடம் பார்த்து, அண்ணனின் வலது காலைத் தூக்கிப் பார்த்தபோது, பாதத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து தொங்கியது. அண்ணனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. இனிப்புநீர் அவர் பாதத்து நரம்புகளை எப்போதோ மரத்துப்போகச் செய்திருந்தது. மருந்து வேலை செய்கிற எனக்கு அந்தத் திருவிழாவிலேயே உறைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனைதான் எங்கள் ஜெல்லை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை அப்போது நடத்தத் தொடங்கியிருந்தது. டாக்டரே அண்ணனைச் சேர்த்துக்கொண்டார். நான் போய் ஆய்வுத் தலைவியிடம், இந்த நோயாளி என் சொந்த அண்ணன் என்று சொன்னேன். அவர் யாழ்ப்பாண வழி வந்தவர், மிகக் கறாரானவர். "அப்ப நீர் அவருடைய பக்கமே போகக்கூடாது. அளக்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது" என்றார். நானும் சரி என்றேன். அண்ணன் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், அவர் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருப்பார். கட்டுப் போட்ட அந்தக் காலின் பக்கம் மட்டும் போகமாட்டேன்.

தினமும் காலையில் கட்டு மாற்றும் வேலை அண்ணியுடையது. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி, எல்லாம் குளிர்பெட்டியில். பழைய கட்டைப் பிரித்து, கழுவி, ஒற்றி, புட்டியில் இருப்பதை ஊற்றி, பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை மருத்துவமனையில் அளப்பார்கள். தாதி அண்ணனிடம், தினமும் கட்டைப் பிரித்ததும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அண்ணி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர். அவர் கை அவ்வளவு சுத்தம். ஒருமுறை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் புண் பாதியாகச் சுருங்கியது. அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தங்கச்சி செஞ்ச மருந்துலா" என்று கைப்பேசியை நீட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட நீட்டினார். மாதத்தில் சில நாள் மட்டும் புண் சுணங்கும், பிறகு தேறும். ஆறுகிற புண் அப்படித்தான் முன்னே பின்னே போகும் என்று நான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போயிருந்தேன். திருநீறு எடுக்கலாம் என்று சாமி அலமாரியின் முன் நின்றேன். நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் மரப்பெட்டிதான். உள்ளே முருகன் படம், மேலே எப்போதும் எரிகிற சிவப்பு பல்பு. படத்தின் முன்னால் ஒரு சிறு தட்டு, தட்டில் ஒரு செம்பருத்திப் பூ, பூவுக்குப் பக்கத்தில் என் ஜெல் புட்டி. மூடி திறந்து பக்கத்தில் கழற்றி வைத்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி! இது என்ன?"

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாளைக்குப் போடுற மருந்து, பாப்பா. மொத நாளு சாயங்காலமே சாமிகிட்ட வெச்சிருவேன். காலையில எடுத்து, கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியில வெச்சுப் போடுவேன்."

"மூடியைத் திறந்து வெச்சிருக்கீங்களே!"

"மூடி வெச்சா சாமிக்குக் காட்டுவாங்க? பொங்கலைக்கூட மூடியைத் திறந்துதானே படைப்போம்?"

எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் சாமி முன்னால் வைப்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். என் பரீட்சைச் சீட்டுகூட அந்தப் பெட்டியில் இருந்துதான் புறப்பட்டது. ஆனாலும் அந்த நிமிடம் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"இது மருந்துலா அண்ணி, பொங்கல் இல்ல! நாங்க ஒரு தூசு விழாம அடைச்சு அனுப்பறோம். நீங்க ராத்திரி பூரா திறந்து வெச்சு, பல்லி ஓடி, ஊதுவத்திச் சாம்பல் விழுந்து, அதை எடுத்துப் புண்ணுல போடுறீங்க. படிச்சவங்க சொன்னா கேக்கணும். அண்ணன் காலு போச்சுன்னா நீங்களா பொறுப்பு?"

கூடத்தில் டிவி சத்தம் நின்றது. "பாப்பா, போதும்" என்றார் அண்ணன். அண்ணி புட்டியை மூடினார். மூடி சரியாகப் பதிகிறதா என்று இரண்டுமுறை திருகிப் பார்த்தார். பிறகு, "தெரியாம செஞ்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று எனக்குப் போட்ட சோற்றில் நெய் ஊற்ற அவர் மறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நான் சொன்னதில் தவறில்லை. திறந்து வைத்த மருந்தைப் புண்ணில் போடக்கூடாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். சொன்ன விதம்தான் தவறு. இன்னொரு தவறும் செய்தேன். அன்றே தலைவியிடம் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அண்ணனை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ, மருந்து நின்றுவிடுமோ என்று பயந்து மூடி மறைத்தேன்.

அதற்குப் பிறகு அண்ணி புட்டியைச் சாமி பக்கம் கொண்டுபோகவே இல்லை. குளிர்பெட்டியிலிருந்து நேராகக் காலுக்கு. மூன்று வாரத்தில் புண் மறுபடியும் விரிந்தது. ஒருநாள் அண்ணி எனக்குப் போன் செய்து, "பாப்பா, பலுத் எல்லாம் நனைஞ்சு நனைஞ்சு போகுது" என்றார். பலுத் என்றால் கட்டு. நான் வேலை மும்முரத்தில், "அழுத்திக் கட்டுங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாலாவது வாரம் டாக்டர் அண்ணனையும் எங்களையும் உட்கார வைத்துப் பேசினார். கிருமி எலும்பை நோக்கிப் போகிறது, மருந்து இவருக்குப் பலிக்கவில்லை, இரண்டு வாரத்தில் திருப்பம் இல்லையென்றால் பாதி பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஒரு தேதியும் குறித்தார்.

"போத்தோங் பண்ணிட்டா பிரேக்கை எதால மிதிக்கிறது டாக்டர்?" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார். போத்தோங் என்றால் வெட்டுவது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்ப மிதிக்கும்போது பிரேக் காலுக்குத் தெரியுதா, அங்க்கிள்?" என்று கேட்டார். "பழக்கத்துல மிதிக்கிறேன்" என்றார் அண்ணன். அன்றோடு டேங்கர் முடிந்தது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணன் காருக்குள் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "லோரி போனா போகுது பாப்பா. பாத்ரூமுக்காவது நானா நடந்து போகணும்."

அடுத்த ஞாயிறு காலை பாயா ரும்புட் போனேன். உண்மையைச் சொல்கிறேன்: அண்ணி கட்டு மாற்றும்போது என்ன தப்புச் செய்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் போனேன். தலைவிக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் போனேன். தோலின் சூட்டை அளக்கும் ஆய்வுக்கூடக் கருவி ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். அதைக்கூட எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அண்ணியின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. என்னைவிடச் சுத்தமாகக் கழுவினார், என்னைவிடப் பொறுமையாக ஒற்றினார். புட்டியைத் திறந்து ஜெல்லை ஊற்றினார். அது புண்ணில் பரவியது. பரவியது நிற்காமல் வழிந்தது. குதிகாலைச் சுற்றிக்கொண்டு கீழே விரித்திருந்த பிளாஸ்டிக்கில் சொட்டியது.

"கொஞ்சம் பொறுங்க, சூடு ஏறினதும் நிக்கும்" என்றேன்.

காத்திருந்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அது தண்ணீராகவே இருந்தது. அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

"ஒண்ணு சொல்லவா பாப்பா? திட்ட மாட்டியே?"

"சொல்லுங்க அண்ணி."

"முன்னாடியும் மாசத்துல நாலு நாளு இப்படித்தான் ஓடும். நான் சாமிகிட்டப் போகாத நாளு. அப்ப மட்டும் ஐஸ் பெட்டியிலேர்ந்து நேரா எடுத்துப் போடுவேன், அது நிக்கவே நிக்காது. சாமிகிட்ட வெச்சது மட்டும் கெட்டியா நிக்கும். இப்ப எல்லா நாளும் ஓடுது. சாமிக்குக் கோவமோ என்னமோன்னு இருந்தேன். உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

மறுபடியும் திட்ட வாயெடுத்தேன்தான். ஆனால் 'நாலு நாளு' என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. சமையலறைச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. அந்த நாட்களில் எல்லாம் அண்ணி பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருந்தார். அண்ணனின் கைப்பேசியை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வட்டம் போட்ட நாளுக்கு மறுநாள் படத்தில் பஞ்சு நனைந்து கிடந்தது. மற்ற நாட்களில் ஜெல் கண்ணாடித் துண்டுபோலப் புண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. முதல் மாதம் அப்படித்தான், இரண்டாவது மாதமும் அப்படித்தான். நான் திட்டிய சனிக்கிழமைக்குப் பிறகு எல்லாப் படத்திலும் ஈரம்.

சாமி அலமாரிக்குள் கையை விட்டேன். பல்பின் சூட்டில் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது புரிந்தது. இரவு முழுக்கத் திறந்திருந்த புட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் கலவை அடர்த்தியாகும். அடர்த்தியானால் குறைந்த சூட்டிலேயே கெட்டிப்படும். இது எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்குக்கூடத் தெரியும். நான் இரண்டு வருடம் பாடுபட்டு நீர்க்க வைத்ததை அண்ணியின் சாமி ஒவ்வோர் இரவும் திரும்ப அடர்த்தியாக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அது ஏன் தேவைப்பட்டது? உடம்புச் சூட்டில் என் ஜெல் ஏன் நிற்கவில்லை? அப்போதுதான் முதல்முறையாக அண்ணனின் காலைக் கையால் பிடித்தேன்.

சில்லென்று இருந்தது. மார்க்கெட்டில் ஐஸில் கிடந்த மீனைத் தொட்டதுபோல இருந்தது. கைப்பைக் கருவியை எடுத்து வைத்துப் பார்த்தேன். இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே. வெளியே வெயிலே அதைவிடச் சூடு.

"எப்பவும் இப்படித்தான் பாப்பா," என்றார் அண்ணி. "எத்தனையோ வருஷமா சில்லுனுதான் இருக்கு. தெனமும் தேய்ச்சு விடுறேன், சூடே ஏறாது."

"டாக்டர்கிட்டச் சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே."

இனிப்புநீர் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், ரத்தம் போகாத பாதம் குளிர்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த அறிவும் என் ஜெல் அறிவும் ஒரே தலைக்குள் இத்தனை வருடம் குடியிருந்தும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. மலாக்காவின் காற்று எவ்வளவு சூடு என்று பார்த்துப் பார்த்து அளந்த நான், மருந்து போகிற இடம் எவ்வளவு சூடு என்று அளக்கவில்லை. முப்பத்தேழு என்று புத்தகத்தில் இருந்ததை நம்பினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினார். "என்ன பாப்பா பண்ற?"

"காலைப் பிடிச்சிருக்கேன் அண்ணே."

"அப்படியா?" என்று குனிந்து பார்த்தார். என் இரண்டு கையும் அவர் பாதத்தை அழுத்திப் பிடித்திருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார். என் கல்யாணத்தன்று அதே பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அதற்கப்புறம் அன்றுதான் தொட்டேன்.

திங்கட்கிழமை காலை தலைவியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திறந்த புட்டி, நான் மறைத்தது, வாக்கை மீறிப் போனது, குளிர்ந்த கால். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு மாசமா நீர் இதை எனக்குச் சொல்லேல்லை."

"இல்லை."

"அதைப் பிறகு பேசுவம். மற்ற ஆக்களுக்கு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் அண்ணனையே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆய்வில் மருந்து பலிக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. 'பதில் தராதவர்கள்' என்பது அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர். தலைவி மருத்துவமனையோடு பேசி அன்றே ஆய்வை நிறுத்தி வைத்தார். பட்டியலில் இருந்தவர்களை மறுபடி கூப்பிட்டுப் பாதத்தின் சூட்டை அளந்தார்கள். பாதிக்கு மேல் குளிர்ந்த கால்கள். பதில் தராதது எங்கள் ஜெல்தான். அந்தப் பெயரை அவர்கள் தலையில் எழுதி வைத்திருந்தோம். தஞ்சோங் கிளிங்கைச் சேர்ந்த ஓர் அம்மாவுக்கு அதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. நல்ல ஜெல்லாக இருந்தாலும் அவர் கால் போயிருக்கலாம் என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அவரைப் பார்க்க நான் ஒருமுறை போனேன். தன் கால் எப்போதும் சில்லென்றுதான் இருந்தது என்று அவரும் சொன்னார்.

அண்ணனை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் குளிர்ந்த கால் என்ற செய்தி டாக்டரை வேறு வழியில் யோசிக்க வைத்தது. கணுக்காலில் நாடி துடிக்கிறது என்று பழைய தாளில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ரத்தம் எவ்வளவு போகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. பார்த்தார்கள். அடைப்பு இருந்தது. குறித்த தேதியில் பாதத்தை வெட்டுவதற்குப் பதில் அடைப்பை நீக்கினார்கள். ஓரத்து இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. இப்போது அண்ணன் அதே கம்பெனி யார்டில் டேங்கர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டைப்பையில் ஒரு சின்ன வெப்பமானி வைத்துக்கொண்டு, இனிப்புநீர் இருக்கிற டிரைவர்களின் காலையெல்லாம் அளக்கிறாராம். அவர்கள் ஓடி ஒளிகிறார்களாம்.

ஜெல்லை மாற்றிச் செய்தோம். குளிர்ந்த காலுக்கு ஓர் அளவு, சூடான காலுக்கு ஓர் அளவு. செய்முறைத் தாளின் முதல் வரியை நான் எழுதினேன்: பாதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவும். அளக்கும் கருவி இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு டாக்டர் கேட்டார். கருவியை எடுக்க ஞாபகம் வருவதற்கு, என்றேன்.

ஆய்வு மறுபடி தொடங்கியபோது, விரல் எடுத்த இடத்தில் இன்னும் ஆறாமல் இருந்த காயத்துக்காக அண்ணனை டாக்டர் புதிதாகச் சேர்த்தார். முதல் புட்டிகள் வந்த அன்று வேண்டுமென்றே போயிருந்தேன், தங்கையாக மட்டும். அண்ணி பெட்டியைப் பிரித்து, சாமி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், புட்டிகளை நேராகக் குளிர்பெட்டிக்கு எடுத்துப்போனார்.

"அண்ணி, ஒண்ணை சாமிகிட்ட வெச்சிட்டு எடுங்களேன்."

"வேணாம் பாப்பா. நீதானே சொன்ன, திறக்கக்கூடாதுன்னு."

"திறக்காம வைங்க. மூடியோட."

"மூடி வெச்சா சாமி எப்படிப் பாக்கும்?"

"கண்ணாடிப் புட்டிதானே அண்ணி. பாக்கும்."

அண்ணி ஒரு புட்டியைக் கொண்டுபோய் முருகன் முன்னால் வைத்தார். கைகூப்பினார். உடனே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நான் பேசியது தப்பு, அண்ணன் கால் இன்று இருக்கிறதென்றால் அது நீங்கள் கவனித்துச் சொன்னதால்தான் என்று சொன்னேன். எங்கள் குடும்பத்தில் மன்னிப்பு என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொல்லிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் சொன்னேன். "சீ, என்ன பாப்பா இது" என்று அண்ணி கையை விடுவித்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் எடுத்து வரப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் ஜெல்லை ஊற்றினார். நான் அண்ணன் காலைப் பிடித்திருந்தேன். அது பரவியது, மெல்ல மங்கியது, நின்றது.

"நின்னுச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

"நின்னுச்சு" என்றோம் இரண்டு பேரும்.

அந்தக் காயமும் ஆறிவிட்டது. இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அண்ணி என்னோடு பழையபடிதான் இருக்கிறார். மீன் குழம்பு வைத்தால் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறார், தீபாவளிக்கு அகார்-அகார் அனுப்புகிறார். ஆனால் போன வாரம், அண்ணனின் இடது காலும் கொஞ்சம் குளிர்ந்திருப்பதுபோலத் தெரிகிறது என்று சொல்லப் போன் செய்தவர், அதைச் சொல்வதற்கு முன்னால், எப்போதும்போல முதலில் கேட்டார்: "ஒண்ணு சொல்லவா பாப்பா? திட்ட மாட்டியே?"